ரொட்டி இறங்காத தொண்டை

(தோட்டக் கமிட்டிகளும் மாதர் அமைப்பும் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் வீட்டுக் காணியையும் பற்றிப் பேசிப் பழகிய இடத்தில் இன்றைக்குத் தொண்டையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டது மாதர் அமைப்பு. பள்ளிக்கூடத்திலும் பாடம், சங்கத்திலும் பாடமா என்று பின்னால் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்.

போன வருசம் எங்கள் தோட்டத்துப் பணிய லயத்தில் ஒரு பெரியம்மா காலமானார். பேர் வேலையிலிருந்து நின்று, ஈ.பி.எப். காசும் எடுத்துவிட்டவர். அதற்குப் பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அடக்கம் முடிந்து வந்த அன்று இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய மகள் சொன்னார்: "அம்மா ஒரு வருசமா ரொட்டியத் தேத்தண்ணியில நனச்சித்தான் சாப்பிட்டாங்க. பல்லு இல்லாததாலன்னு நெனச்சோம்."

அதைக் கேட்டதும் எங்களுக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. சங்கக் கூட்டத்தில் வடை கொடுத்தால் அந்தப் பெரியம்மா சாப்பிட மாட்டார். சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். பேரப்பிள்ளைக்கு என்பார். நாங்களும் பாசம் என்று நினைத்தோம். இப்படிப் பத்துக் கூட்டம் இருக்கும். வடை அவருக்கு இறங்கவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மகாறகம ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனபோது தண்ணீரே சொட்டுச் சொட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய். அங்கே டொக்டர்மார் செய்யக்கூடியதைச் செய்தார்கள். நாம் போனதுதான் பிந்திவிட்டது.

அதனால்தான் இந்தப் பேச்சு.

வாயிலிருந்து இரைப்பைக்குப் போகிற குழாயைப் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் 'களம்' என்று போட்டிருக்கும். உணவுக்குழாய் என்றே சொல்வோம். வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளம், அதாவது பள்ளிக்கூட அடிமட்டத்தை விடக் கொஞ்சம் குறைவு. மூச்சுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் இறங்கி, பிரிமென்றகட்டைத் துளைத்துக்கொண்டு இரைப்பையில் சேருகிறது. இதைப் பீலியில் செருகியிருக்கிற வெறும் குழாய் மாதிரி நினைக்கக் கூடாது. இது தசைக் குழாய். மேலே சுருங்கிக் கீழே விரிந்து, கவளத்தை அமுக்கி அமுக்கி இறக்குகிறது. படுத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாலும் வயிற்றுக்குப் போவது அதனால்தான்.

நல்ல நிலையில் இந்தக் குழாய் 2 சென்ரிமீற்றர் வரை விரிந்து கொடுக்கும். அது சுருங்கி 13 மில்லிமீற்றருக்கும் குறைந்துவிட்டால் கெட்டியான சாப்பாடு சிக்கத் தொடங்கும். நம்முடைய வீடுகளில் முதலில் சிக்குவது எது? கோதுமை மா ரொட்டிதான். தடிப்பாக, காய்ந்து, விடியற்காலையில் சுட்டது. பெரட்டுக்கு நேரமாகிறது என்று நின்றபடியே இரண்டு வாயில் விழுங்குகிறோம். அது நெஞ்சில் நின்றால் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்து இறக்குகிறோம். சில மாதம் போனதும் ரொட்டியை நனைக்கிறோம். பிறகு ரொட்டியை விட்டுவிட்டுச் சோறு. பிறகு சோற்றைக் குழையப் பிசைந்து ரசம் விட்டு. பிறகு கஞ்சி. பிறகு வெறும் தேத்தண்ணி. ஒவ்வொரு படியிலும் நாமே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. சில வேளை நமக்கே தெரிவதில்லை. ஆள் மெலிவதைப் பார்த்து "சீனியா இருக்கும்" என்கிறார்கள்.

டிஸ்பென்சரிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போய் என்ன சொல்கிறோம்? நெஞ்சைத் தடவிக்காட்டி, "இங்க ஒரு மாதிரியா இருக்குங்க ஐயா, கேஸ்ட்ரிக் போல" என்கிறோம். நோயின் பெயரையும் நாமே சொல்லிவிட்டால் அவரும் கேஸ்ட்ரிக் குளிசை தருவார். பத்து நாளைக்குக் குளிசை, திரும்பப் பத்து நாளைக்குக் குளிசை. அந்தப் பெரியம்மாவின் பையில் இருந்த வெற்று அட்டைகளை எண்ணிப் பார்த்தோம். கை நடுங்கியது.

எரிவது வேறு, சிக்குவது வேறு. இன்றைக்கு இங்கேயிருந்து எதை மறந்துவிட்டுப் போனாலும் இதை மறக்க வேண்டாம். "எரியுது" என்றால் அதற்குக் குளிசை சரி. "சாப்பாடு சிக்குது, எறங்க மாட்டேங்குது" என்றால் குழாயின் உள்ளே பார்த்தாக வேண்டும். சொல்லும்போது எப்போதிருந்து என்றும், எந்தச் சாப்பாடு என்றும், முன்பு போட்ட சட்டை இப்போது தொளதொளவென்று இருக்கிறதா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "கேம ஹிரவெனவா" என்று சொல்லுங்கள், சாப்பாடு சிக்குகிறது என்று அர்த்தம். உடம்பு நிறை குறைகிறது என்பதற்கு "பர அடுவெனவா". எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மேட்டு லயத்து அக்கா நன்றாகச் சொல்கிறார்.

இனி, இந்தக் குழாய் ஏன் சுருங்குகிறது? ஒரே காரணமில்லை.

நெஞ்செரிச்சலிலிருந்தே தொடங்குவோம். இரைப்பையில் இருக்கிற அமிலம் மேலே ஏறக் கூடாது. ஏறினால் குழாயின் உட்புறம் புண்ணாகும். புண் ஆறும், திரும்பப் புண்ணாகும். வருசக்கணக்கில் இப்படி நடந்தால் ஆறின தழும்பு இறுகிக் குழாயைச் சுருக்கிவிடும். கொழுந்துக் கூடையோடு குனிந்து நிமிர்கிற வேலை, இரவு ஒன்பது பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பது, சாராயம், பீடி எல்லாம் அமிலத்தை ஏற்றிவிடும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க முடிந்தால் நல்லது. கட்டில் இருக்கிறவர்கள் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தலாம். பத்தடிக் காம்பராவில் ஏழு பேர் தரையில் படுக்கிற வீட்டுக்கு இந்த யோசனையைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. வீட்டுப் பிரச்சினை தொண்டை வரைக்கும் வருகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

குளிசையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிப் படுத்தாலும் அது நடுக் குழாயில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் புண்ணாக்கும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையும் அப்படித்தான். ஒரு கோப்பை தண்ணீரோடு, உட்கார்ந்து அல்லது நின்றபடி விழுங்குங்கள்.

இரும்புச்சத்து என்றதும் பெண்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து நீண்ட காலம் குறைந்திருக்கிற பெண்கள் சிலருக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில், கழுத்துக்கு நேராக, மெல்லிய சவ்வு ஒன்று வளரும். சிலந்தி வலை மாதிரி மெல்லியது. ஆனால் ரொட்டியை மறிக்க அது போதும். 1919ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவில் பற்றர்சன், பிரவுன் கெலி என்ற இரண்டு டொக்டர்மார் இதைத் தனித்தனியாக எழுதினார்கள். அமெரிக்காவில் பிளம்மர், வின்சன் என்ற இருவரின் பெயரால் இதைச் சொல்கிறார்கள். நடுத்தர வயதுப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. ஆள் வெளிறியிருப்பார். வாயோரம் வெடித்திருக்கும். நாக்கு வழவழவென்று எரியும். நகம் கரண்டி மாதிரிக் குழிந்திருக்கும். மலையேறினால் மூச்சு வாங்கும்.

நம்முடைய மலையில் இந்த அடையாளங்களோடு எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாதாமாதம் இரத்தம் போகிறது, பிள்ளைப்பேற்றில் போகிறது, வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது ஏறுகிற கொக்கிப்புழுவும் குடிக்கிறது. இறைச்சி மீன் மாதத்துக்கு எத்தனை நாள்? போதாததற்கு, சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி. தேயிலைச் சாயம் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நாமே பறித்து, நாமே அரைத்து, மிஞ்சின தூளை நாமே குடித்து நம் இரத்தத்தை நாமே குறைத்துக்கொள்கிறோம். தேத்தண்ணியை விடச் சொல்ல எங்களுக்குத் தைரியமில்லை, நாங்களும் விட மாட்டோம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள், கொய்யாப்பழம் கிடைத்தால் சாப்பிடுங்கள். கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேர அது உதவும்.

இந்தச் சவ்வைச் சரிப்படுத்த முடியும் என்பது நல்ல செய்தி. பெரியம்மாவின் சாவுக்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அக்கா தானாக வந்து, "எனக்கும் சிக்குதுங்க, வெளிய சொல்லல" என்றார். புருசனிடம் கூடச் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், சவ்வுதான். அதை விரித்துவிட்டு இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். இப்போது ரொட்டி சாப்பிடுகிறார். ஆனாலும் கிளினிக்கை விடக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்தச் சவ்வு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம்.

அடுத்தது வெற்றிலை. முகத்தைத் திருப்பாதீர்கள். குளிருக்கும் பசிக்கும் அட்டைக் கடிக்கும் வெற்றிலை நமக்கு எப்படித் துணையாக இருந்தது என்று தெரியாமல் பேசவில்லை. பையில் வெற்றிலை இல்லாமல் மலைக்குப் போகிற பாட்டி யார்? ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் சொன்னதைக் கேளுங்கள். புகையிலை சேர்த்த வெற்றிலை மட்டுமில்லை, புகையிலை சேர்க்காத வெற்றிலையும், ஏன், பாக்கு ஒன்றே தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும். "நான் பொயிலை போடுறதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். பாக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. வாய்க்குள் இருக்கிற மெல்லிய தோலை நார் மாதிரி இறுக்கிவிடும். நாளாக நாளாக வாய் திறக்காது. சிலருக்கு அந்த இறுக்கம் தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் இறங்கும். உங்கள் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நெடுக்காக நுழைத்துப் பாருங்கள். இப்போதே பாருங்கள். நுழையாதவர்கள் இந்த மாதத்துக்குள் பல் டொக்டரிடம் போக வேண்டும். பின்வரிசையில் இரண்டு பேர் கையைக் கீழே போட்டுவிட்டார்கள். நாங்கள் பார்த்துவிட்டோம், பிறகு பேசுவோம்.

வெற்றிலையோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பற்றியும் அதே முகவரகம் 2016இல் சொல்லியிருக்கிறது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் எதைக் குடித்தாலும் அது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்கிறது. குற்றம் தேயிலை மேல் இல்லை, சூட்டின் மேல். குடத்துக்குள் ஊற்றிக் கொண்டுவந்த தேத்தண்ணியைக் கங்காணி அவசரப்படுத்துகிறார் என்று ஆவி பறக்க ஊற்றிக்கொள்ளாதீர்கள். தேத்தண்ணி நேரம் என்பது தேத்தண்ணி ஆறுகிற நேரமும் சேர்ந்ததுதான்.

இன்னும் ஒரு காரணம். இதை நிறுத்துவது முழுக்க நம் கையில் இருக்கிறது. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பக்கத்திலிருந்து வந்த தோழர்கள் கவனமாகக் கேளுங்கள். ரப்பர் பாலை உறைய வைக்கிற அசிட் உங்களுக்குத் தெரியும். போமிக் அமிலம் என்பது அதன் பெயர். பால் ஸ்டோருக்குக் கானில் வரும்போது அது கடும் செறிவானது, தண்ணீர் கலந்துதான் பாலில் ஊற்றுகிறோம். கலக்காத அசிட் தோலில் பட்டால் சுடும் என்று பால் வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தோட்டம் பிரித்துக்கொடுத்த துண்டில் பால் எடுக்கிறவர்களும், பக்கத்துக் கிராமத்தில் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறவர்களும் அதைக் கொஞ்சமாக வாங்கிவந்து வீட்டில் வைக்கிறார்கள். எதில்? சோடாப் போத்தலில். தண்ணீர்ப் போத்தலில். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். எங்களிடம் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பிள்ளை, விளையாடிவிட்டு ஓடிவந்து, குசினிப் பலகைக்குக் கீழே இருந்த போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டது.

பிள்ளை பிழைத்தது. வாயில் புண் ஆறினதும் எல்லோரும் கும்பிட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். அசிட் விசயத்தில் ஏமாறுவது இங்கேதான். சுட்ட புண் உள்ளே ஆறும்போது தழும்பு இறுகிக் குழாயைச் சுருக்கும். அது குடித்து மூன்று கிழமையிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் மாதம் சோறு இறங்கவில்லை. அப்புறம் எத்தனையோ தடவை கொழும்புக்குக் கொண்டுபோய்க் குழாயை விரித்தார்கள். அம்மாவுக்கு அந்த வருசம் பேர் விழுந்த நாட்களை எண்ணிவிடலாம். பிள்ளை பள்ளிக்கூடம் வந்த நாட்களையும்தான். டாப்பைத் திறந்தால் வரிசையாக வட்டம்.

யாராவது அசிட் குடித்துவிட்டால் என்ன செய்வது? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது ஒருமுறை சுட்டது ஏறும்போது இன்னொருமுறை சுடும். உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், சுண்ணாம்புத் தண்ணீர், முட்டை என்று எதையும் ஊற்றாதீர்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது வர முடியாத மலைப் பாதை என்றால் தோட்டத்து லொறியோ ஓட்டோவோ எது கிடைத்தாலும் ஏற்றிவிடுங்கள். போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள். கோபத்திலோ மனம் உடைந்தோ இதைக் கையிலெடுக்கிறவர்களும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள் என்பதை மறைக்கப் போவதில்லை. ஒரு நொடியில் நடப்பது அது. அந்த நொடியில் போத்தல் பூட்டுக்குள் இருந்தால் ஓர் உயிர் மிஞ்சும். மனப் பாரத்தைச் சொல்ல ஆளில்லாதவர்கள் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம். எங்கள் கதவையும் தட்டலாம்.

போத்தல் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததில்லை. நூறு வருசத்துக்கு முந்தி அமெரிக்காவில் வீடுகளில் சவர்க்காரம் காய்ச்சவும் கழுவவும் காரம் வைத்திருப்பார்கள். சீனி மாதிரி வெள்ளையாக இருக்கும். பிள்ளைகள் எடுத்துத் தின்று தொண்டை வெந்துபோவார்கள். செவாலியர் ஜக்சன் என்ற டொக்டர் அந்தப் பிள்ளைகளின் குழாயை விரித்துவிடுகிற வேலையைச் செய்தார். ஒரு கிழமையாகத் தண்ணீர் கூட விழுங்க முடியாமல் வந்த ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, அடைப்பை எடுத்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டு அவர் கையை முத்தமிட்டதாம். அவரே எழுதியிருக்கிறார். விரித்து விரித்துக் களைத்துப்போன மனுசர், இது ஆஸ்பத்திரியில் தீருகிற விசயமில்லை என்று கண்டுகொண்டு, போத்தலிலும் டின்னிலும் 'நஞ்சு' என்று எழுத வேண்டும் எனச் சட்டம் கேட்டார். வருசக்கணக்காக அலைந்தார். விற்கிறவர்களோ விடவில்லை. கடைசியில் 1927இல் சட்டம் வந்தது. டொக்டராக இருந்தாலும் அவர் செய்தது தொழிற்சங்க வேலை என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

சரி, ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? பயத்தினாலேயே பலர் போவதில்லை. 'வாய்க்குள்ள பாம்பு விடுறாங்களாம்' என்று ஒரு பேச்சு லயத்தில் சுற்றுகிறது. அது விரல் அளவு தடிப்பு கூட இல்லாத வளைகிற குழாய், நுனியில் கமரா. என்டொஸ்கொப்பி என்பார்கள். ஆறு மணி நேரம் போல் சாப்பிடாமல் போக வேண்டும். தொண்டைக்கு மரக்கிற மருந்து அடிப்பார்கள். சில நிமிடம்தான். குமட்டும், கண்ணீர் வரும், முடிந்துவிடும். சந்தேகமான இடம் இருந்தால் துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது வலிக்காது. சிலருக்கு வெள்ளைக் கரைசல் ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள்.

சுருக்கம் தழும்பினால் வந்தது என்றால் மெல்லிய கோலோ சின்ன பலூனோ உள்ளே விட்டு மெதுவாக விரிப்பார்கள். ஒரே நாளில் முழுக்க விரிக்க மாட்டார்கள், கிழிந்துவிடும். சில கிழமைக்கு ஒருமுறை போக வேண்டிவரும். விரித்துவிட்டு வந்த பிறகு நெஞ்சு கடுமையாக வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ மூச்சு முட்டினாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே திரும்பிப் போங்கள். இந்த வைத்தியம் புதிதும் இல்லை. இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் என்ற டொக்டர் 1674இல் வந்த தன் புத்தகத்தில் ஓர் ஆளைப் பற்றி எழுதியிருக்கிறார். திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் பஞ்சு மாதிரிக் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்தாராம். ஒவ்வொரு தடவை சாப்பிட்டதும் அந்த ஆள் அதைத் தொண்டைக்குள் விட்டுச் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டு பல வருசம் உயிரோடு இருந்தாராம். இன்றைக்கு நமக்குக் கமராவும் பலூனும் இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

ஆனால் நம்மவர்கள் சிலர் அதற்கு முந்தி வேறொரு இடத்துக்குப் போகிறார்கள். தொண்டையில் அடைக்கிறது என்றால் யாரோ மருந்து போட்டுவிட்டார்கள் என்று இடுமருந்து எடுக்கிறவரிடம் போவது. அவர் எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, மயிர்க்கட்டையோ உருண்டையையோ காட்டுவார். காசும் போகும், ஆறு மாதமும் போகும், மருமகளோடோ கொழுந்தியாளோடோ பேச்சுவார்த்தையும் போகும். சாமி கும்பிடுவதைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே புண்ணான குழாயை வாந்தி எடுக்கவைத்துக் கிழிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

உடனே போக வேண்டியவர்கள் யார் என்று திரும்பச் சொல்கிறோம். சிக்குவது நாளுக்கு நாள் கூடுகிறவர்கள். மெலிகிறவர்கள். குரல் கம்மிப்போனவர்கள். சாப்பிடும்போது இருமிப் புரையேறுகிறவர்கள். இரத்தமாக வாந்தி எடுத்தவர்கள், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறவர்கள். விழுங்கின துண்டு அடைத்துக்கொண்டு எச்சில் கூட இறங்கவில்லை என்றால் அது அந்த இரவிலேயே போக வேண்டிய விசயம். தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். ஆரம்பத்திலிருந்தே ரொட்டியும் தண்ணீரும் ஒரே மாதிரிச் சிக்குகிறவர்களுக்குக் குழாயின் நரம்பில் கோளாறு இருக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு, அதையும் சொல்லிக் காட்டுங்கள்.

இப்போது சங்கத்தின் பக்கம் வருவோம். போகச் சொல்வது சுலபம். கிளினிக்குக்குப் போக விடிய நாலு மணிக்கு மலையிலிருந்து இறங்க வேண்டும். பஸ்ஸுக்குக் காசு, கூடப் போகிற ஆளுக்குக் காசு. போனவருக்கும் பேர் இல்லை, கூடப் போனவருக்கும் பேர் இல்லை. வரவு நாள் குறைந்தால் அதற்குரிய கொடுப்பனவும் வெட்டு. அந்தப் பெரியம்மா இரண்டு முறை கடிதம் வாங்கியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கைக்காசு நாள் போய்விடும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

அதனால் இந்தக் கூட்டத்தின் முன் மூன்று விசயத்தை வைக்கிறோம். கிளினிக் கொப்பியில் முத்திரை விழுந்த நாளை வரவு நாளாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் துரையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். பால் ஸ்டோரில் அசிட்டைப் பூட்டி வைத்து, எழுத்தும் மண்டையோட்டுப் படமும் ஒட்டிய கானில் மட்டும் கொடுக்க வேண்டும். கலக்கிறவர்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். வேலையில் அசிட் பட்டால் அன்றைக்கே விபத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் கேட்கிறபோது அந்தப் பதிவுதான் முதலில் கை கொடுக்கும். மூன்றாவது துரையிடம் கேட்க வேண்டியதில்லை. சோடாப் போத்தலில் அசிட் வைத்திருக்கிற வீடுகள் இந்தக் கிழமையே அதை ஸ்டோருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தெந்த வீடு என்று இளைஞர் கமிட்டிக்குத் தெரியும், பேர் சொல்லிக் கேவலப்படுத்தாமல் போய் வாங்கி வாருங்கள். அசிட் போத்தலைத் தூக்கும்போது நிமிர்த்திப் பிடியுங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

ரொட்டி சிக்குகிறது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மாதர் அமைப்புச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அவர் கொப்பியில் எழுதுவார், சத்தமாக வாசிக்க மாட்டார். வருகிற புதன்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களோடு சங்கத்திலிருந்து ஓர் ஆள் கூட வருவார். பஸ் காசு கிளைச் சந்தாவிலிருந்து. மூன்று விரல் நுழையாத அந்த இரண்டு பேரும் போய்விடாமல் கொஞ்சம் இருங்கள்.